நுண்வனம் எண் முப்பத்தேழு

மனை வனவுயிர்ப் பெருக்க வாரியம் வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் மனுக் கொடுக்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் எங்கள் ஊர் மனுக்களை எழுதுகிறவன் நான். மிளகாய்க்கு விலை கேட்டு எழுதியிருக்கிறேன். கண்மாய்க் கரையை உயர்த்தச் சொல்லி எழுதியிருக்கிறேன். மாரியூர் போகிற ரோட்டுப் பள்ளத்தை மூடச் சொல்லி மட்டும் ஏழு மனு எழுதியிருக்கிறேன். அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறித்தான் வாரியத்தின் ஜீப் ஊருக்குள் வந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கிய மண்டல மேலாளர் பெரிய பேச்சாளர். சமுதாயக் கூடத்தில் எங்களை உட்கார வைத்து, "காட்டுயிர்கள் ஏன் அழிகின்றன?" என்று கேட்டார். நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே என்று முழித்தோம்.

"பொறுப்பாளர் இல்லாததால் அழிகின்றன. காட்டில் திரிகிற கௌதாரிக்கு முகவரி உண்டா? அடையாள அட்டை உண்டா? அதை ஓர் ஏழையின் வீட்டில் கொண்டுவந்து விட்டால் கௌதாரிக்கு முகவரி கிடைக்கிறது, ஏழைக்குக் கௌதாரி கிடைக்கிறது. பொருளாதாரம் இவ்வளவு எளிது. ஆறு பெட்டை, இரண்டு சேவல். ஐந்தே ஆண்டுகளில் துபாய்க்காரன் உங்கள் வாசலில் வரிசையில் நிற்பான்."

பின்னாலிருந்து ஓர் அம்மா, "அதுக்குக் கோழியே வளக்கலாமே சார்?" என்று கேட்டது.

மேலாளர் சிரித்தார். "கோழி வளர்ப்பதற்கு ஒரு வாரியம் எதற்கு?" என்றார். இதைவிட உண்மையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

என் பக்கத்து வீட்டு யோகேஸ்வரன் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டார். இரண்டு ஏக்கர் மானாவாரி மிளகாய். பூக்கிற நேரத்தில் மழை இல்லை, பழம் காய்கிற நேரத்தில் மழை விடவில்லை என்று இரண்டு வருஷமாக அடி. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டு அவரும் அவர் மனைவி கனகலட்சுமியும் மட்டும் இருந்தார்கள். கனகலட்சுமி கோழி, குஞ்சு விஷயத்தில் கைராசிக்காரி. குஞ்சு மயங்கிக் கிடந்தால் அதன் மேல் சட்டியைக் கவிழ்த்து விரலால் தட்டுவாள். அதற்கும் எழுந்திருக்கவில்லை என்றால் கையில் எடுத்து, அதன் அலகைத் தன் வாய்க்குள் வைத்து, மென்ற கம்பை எச்சிலோடு ஊட்டுவாள். தெருவில் யார் வீட்டுக் குஞ்சு துவண்டாலும் அவளிடம்தான் கொண்டு ஓடுவார்கள். எங்கள் பக்கம் பெண்கள் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான், இவள் கைக்கு மட்டும் தவறாமல் பலிக்கும்.

எட்டுக் கௌதாரி வந்தது. கூடவே ஒரு பச்சைப் பலகையும் வந்தது. அதை வாசல் நிலைக்கு மேலே அடித்தார்கள். "நுண்வனம் எண் 37. அத்துமீறி நுழைவது தண்டனைக்குரியது." அன்று மாலை மிளகாய்க்குக் களை வெட்டிவிட்டு வந்த யோகேஸ்வரன் தன் வீட்டு வாசலிலேயே தயங்கி நின்றார்.

களப் பொறுப்பாளர் பிரபு நல்ல பையன். பரமக்குடிப் பக்கத்துக்காரன், தவறாமல் அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அவன்தான் விதிகளை விளக்கினான்.

"இது உங்களுக்கு வன நுழைவு அட்டைண்ணே. இது அக்காவுக்கு. ஆறு மணிக்கு மேல லைட்டுப் போடக்கூடாது, டிவி சத்தம் கூடாது. அடுப்பங்கரை இடைநிலை மண்டலத்துல வருது, அதனால புகை வராமச் சமைக்கணும்."

"தாளிக்கலாமா தம்பி?" என்று கனகலட்சுமி கேட்டாள்.

பிரபு கையேட்டைப் புரட்டிப் பார்த்தான். "கேட்டுச் சொல்றேங்க்கா" என்றான். பதினெட்டு நாள் அந்த வீட்டில் தாளிக்காத குழம்புதான்.

ஒப்பந்தப் பத்திரத்தை யோகேஸ்வரன் என்னிடம் கொண்டுவந்தார். முப்பத்திரண்டு பக்கம். பதினான்காவது பத்தியில்தான் விஷயம் இருந்தது. திட்டம் நடக்கிறவரை அவை வளர்ப்புப் பறவைகள். திட்டத்தின் நற்பெயருக்குப் பயனாளியால் களங்கம் வந்தால் அந்த நிமிஷமே ஒப்பந்தம் முறிந்துவிடும். முறிந்த நிமிஷம் அவை காட்டுப் பறவைகள். அப்புறம் காட்டுப் பறவையை வீட்டில் அடைத்து வைத்த ஆள் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

"கெவுருமெண்டே குடுத்துட்டு, கெவுருமெண்டே புடிக்குமா மச்சான்?" என்று கேட்டார்.

"நற்பெயரைக் காப்பாத்துனா ஒண்ணுமில்ல மாப்ள" என்றேன். மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டார்.

கௌதாரிகளுக்குப் பதினான்காவது பத்தி தெரியாது. அவை முட்டையிட மறுத்தன. ஆறு மாதத்தில் வீட்டுக்குப் பதினாறு குஞ்சு என்பது இலக்கு. எங்கள் ஊரில் நாற்பது நுண்வனத்திலும் சேர்த்து மூன்று முட்டை. இதைக் கேள்விப்பட்ட மேலாளர் மனம் தளரவில்லை. இயற்கை ஒத்துழைக்காவிட்டாலும் இலக்கு எட்டப்படும் என்று சுற்றறிக்கை விட்டார். அந்த வாரமே வாரியத்தின் ஆட்கள் கண்ணி வைக்கிறவர்களைத் தேடிப் பிடித்து, கருவேலங்காட்டுக்குள் இருந்த குஞ்சுகளை எல்லாம் வாரிக்கொண்டு வந்து, காலில் வளையம் மாட்டி, வீட்டில் பொரித்தவை என்று எழுதிக்கொண்டார்கள். போன வருஷம் இதே கண்ணிக்காரர்களைப் பிடித்து அபராதம் போட்டிருந்தார்கள். இந்த வருஷம் அவர்களுக்கு 'உயிர்ப்பொருள் வழங்குநர்' என்று பெயர். விடிகிற நேரத்தில் கருவேலங்காட்டிலிருந்து வரும் கௌதாரிச் சத்தம் அந்த மாதத்தோடு நின்றுபோனது.

குஞ்சுகள் லாரியில் வந்தன. வண்டிச் செலவை மிச்சப்படுத்த, எவனோ வியாபாரியிடம் பறிமுதல் செய்த கிளிகளையும் அதிலேயே ஏற்றியிருந்தார்கள். மேல் கூடையில் கிளிகள், கீழ் கூடையில் கௌதாரிக் குஞ்சுகள். மேலே இருப்பவர் செய்வது கீழே இருப்பவர் தலையில் விழுவது எங்களுக்குப் பழக்கமானது என்பதால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கிளிகளில் பாதி வழியிலேயே செத்துவிட்டன என்று லாரிக்காரர் சொன்னார்.

நான்காம் நாள் யோகேஸ்வரன் வீட்டுக் குஞ்சுகள் கண்ணைத் திறக்கவில்லை. பச்சையாகக் கழிந்தன. யோகேஸ்வரன் பிரபுவுக்குப் போன் போட்டார்.

"நோய்னு சொல்லாதீங்கண்ணே. திட்டப் பறவைக்கு நோய் கிடையாது. சோர்வுன்னு சொல்லுங்க."

"சோர்வாத்தான் இருக்கு தம்பி. செத்துருமோன்னு பயமா இருக்கு."

"செத்தாச் சிக்கலுண்ணே. அடுத்த வாரம் உங்க வீட்டத்தான் முன்மாதிரி வீடுன்னு பாக்க வாராக."

கனகலட்சுமி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் கம்பு, மத்தியானம் கம்பு, பொழுது சாய்கிறபோது கரையான். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, கண்ணைத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, வாயில் வைத்து ஊட்டினாள். ஆறு நாள் அவள் வேறு வேலை பார்க்கவில்லை. பதினாறும் பிழைத்தன. முன்மாதிரி வீட்டைப் பார்க்க வந்த மேலாளர் அசந்துபோனார். அவள் வாயில் குஞ்சின் அலகு இருக்கும்போது ஒரு படம் எடுக்கச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் உள்ளே வைம்மா" என்றார்.

பத்து நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி என்றால் அப்படி ஒரு தலைவலி, சுவரில் முட்டிக்கொண்டாள். வறட்டு இருமல். மூன்று நாள் ஊர் மாத்திரையில் ஓட்டிவிட்டு, மூச்சு இரைக்க ஆரம்பித்ததும் பிரபுதான் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனான். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் பிரபு மேலாளரோடு போனில் பேசிக்கொண்டே வந்தான். இராமநாதபுரம் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, ஆஸ்பத்திரில பறவை பத்திப் பேச்சு வரவேணாம்னு சார் சொல்றாக. பதினாலாவது பத்திய ஞாபகப்படுத்தச் சொன்னாக."

மருத்துவமனையில் டாக்டர் ஹசன் அலி என்பவர் பார்த்தார். நிதானமான மனிதர். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்ல கோழி, புறா, கிளி இந்த மாதிரி ஏதும் வளக்கிறீங்களாண்ணே?" என்று கேட்டார்.

யோகேஸ்வரன் பிரபுவைப் பார்த்தார். பிரபு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லீங்க சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதவச்சுத்தான் மருந்து."

"இல்லீங்க."

டாக்டர் படுக்கையில் இருந்தவளைக் கேட்டார். கனகலட்சுமி புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். வழக்கமான நிமோனியாவுக்கு என்ன கொடுப்பார்களோ அதைக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

வெளியே வந்ததும் யோகேஸ்வரன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், அவரு அதவச்சுத்தான் மருந்துங்கிறாரு. சொல்லிரவா?"

இந்த இடத்தில் நான் "சொல்லுய்யா, ஓடு" என்று அவரை உள்ளே தள்ளியிருக்க வேண்டும். உலகத்தில் எந்த மனிதனும் அதைத்தான் செய்திருப்பான். நான் மனு எழுதுகிறவன். முப்பது வருஷமாக எழுதி எழுதி, எதையும் கேட்டுவிட்டுச் செய்தால்தான் வம்பில்லை என்று மண்டையில் ஊறிப்போயிருந்தது.

"முறையா அனுமதி வாங்கிட்டுச் சொல்லிருவோம் மாப்ள. நாளப்பின்ன ஒன்னிய உள்ள வச்சுட்டா அவளுக்கு யாரு இருக்கா? ஒரு மணி நேர வேலை" என்றேன். ஆஸ்பத்திரி வாசல் கடையில் பேப்பர் வாங்கி, அங்கனயே மனுவை எழுதினேன்.

வாரியத்தின் மண்டல அலுவலகம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. கண்காணிப்பாளர் ஈஸ்வரி மனுவைப் படித்துவிட்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்னங்க இது, 'என் மனைவியின் நோய் குறித்து'ன்னு எழுதிருக்கீங்க. நோய்ங்கிற சொல்லு இருந்தா இத நான் வாங்கவே முடியாது. 'பயனாளியின் துணைவி சோர்வுற்றிருப்பது குறித்து'ன்னு எழுதிட்டு வாங்க."

எழுதிக்கொண்டு போனோம். மருத்துவரிடம் என்ன சொல்லப்போகிறோம் என்பதன் வரைவு இணைக்க வேண்டும் என்றார். இணைத்தோம். 'கௌதாரி' என்று இருக்கக்கூடாது, இனத்தைக் குறிப்பிட்டால் வனத்துறைக்கு நகல் போக வேண்டியிருக்கும் என்றார். 'சிறகுள்ள உயிரினம்' என்று மாற்றினேன். அன்றைக்கு அலுவலக நேரம் முடிந்துவிட்டது.

மறுநாள் மேலாளரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சுவரில் கதவளவுக்கு ஒரு படம். கனகலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு, குஞ்சின் அலகை வாயில் வைத்திருந்தாள். கீழே "தாய்மைக்கு எல்லை இல்லை" என்று எழுதியிருந்தது. யோகேஸ்வரன் அந்தப் படத்தையே பார்த்தபடி இருந்தார். மத்தியானம் மேலாளர் எங்களைக் கூப்பிட்டார்.

"இந்த வாரியம் உண்மையை ஒருபோதும் மறைக்காது" என்று ஆரம்பித்தார். "ஆனால் உண்மை உரிய வழியில் வர வேண்டும். நீங்கள் பாட்டுக்கு ஒரு டாக்டரிடம் வாய்மொழியாகச் சொன்னால் அது வதந்தி. நாங்கள் குழு அமைத்து, ஆராய்ந்து, அனுமதித்து, பிறகு நீங்கள் சொன்னால் அது தகவல். நான்கு மாவட்டத்துக்கு உங்கள் வீடு முன்மாதிரி. ஒரு பெண்மணியின் இருமலுக்காக நாற்பது குடும்பங்களின் எதிர்காலத்தைப் பறிப்பது நியாயமா?"

"அவ என் பொண்டாட்டிங்க சார்."

"எங்களுக்கும் அவர் சகோதரிதான். அடுத்த ஆண்டு நாட்காட்டியில் அட்டைப் படமே அவர்தான்."

குழு மறுநாள் கூடுவதாகச் சொன்னார்கள். மறுநாள் மேலாளர் இராமேஸ்வரத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டார். மனிதனும் காட்டுயிரும் ஒரே நலம் என்பது தலைப்பு. மூன்றாவது நாளும் பொழுது போனது. நடுநடுவே யோகேஸ்வரன் ஆஸ்பத்திரிக்கு ஓடி, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டு ஓடி வருவார். மூக்கில் குழாய் வைத்திருந்தவர்கள் இப்போது முகம் முழுக்க மூடி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் வந்து, "இன்னிக்கு வந்துருமா மச்சான்?" என்று கேட்பார். வந்துவிடும் என்பேன்.

நான்காம் நாள் காலையில் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மூச்சு ரொம்பத் திணறுகிறது, வாருங்கள் என்றார்கள். யோகேஸ்வரன் பெஞ்சிலிருந்து எழுந்தார். ஈஸ்வரி, "இருங்க, கோப்பு சார் மேசைக்குப் போயிருச்சு, இன்னும் ரெண்டு கையெழுத்துத்தான்" என்றார். அவர் நிற்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் வெயிலில் ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

"சார், இருக்கு சார். கௌதாரி இருக்கு. இருபத்துநாலு இருக்கு. அவ வாயில வச்சு ஊட்டுனா சார்" என்று வார்டு வாசலிலேயே கத்தினார்.

டாக்டர் ஹசன் அலி ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். நர்ஸிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி, உடனே போடச் சொன்னார். பிறகுதான் இவர் பக்கம் திரும்பினார்.

"பறவைககிட்டருந்து தொத்துற நிமோனியாண்ணே இது. கிளிக்குத்தான் அதிகமா வரும். அது இருக்கிற எடத்துல இருந்தா மத்ததுக்கும் வரும். டாக்ஸிசைக்ளின்னு சாதாரண மாத்திரை, எந்தக் கடையிலயும் கிடைக்கும். அன்னிக்கே சொல்லிருந்தா ரெண்டு நாள்ல எந்திரிச்சு உக்காந்திருப்பாங்க. ஏண்ணே சொல்லல?"

"அனுமதி கேட்டுருந்தேன் சார்."

டாக்டர் யாரிடம் என்று கேட்கவில்லை. முகமூடிக்குள் கிடந்த கனகலட்சுமிக்கு இவர் கத்தியது கேட்டிருக்கிறது. ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கி, வேண்டாம், வேண்டாம் என்று அசைத்தாள். அவளுக்கு அந்த நேரத்திலும் பதினான்காவது பத்திதான் பயம். யோகேஸ்வரன் அந்தக் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு, "சொல்லிட்டேன் கனகு, சொல்லிட்டேன்" என்று அழுதார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள்.

பால் தெளித்துவிட்டு வந்த அன்று பிரபு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என்னிடம் நீட்டினான், அவரிடம் கொடுக்க அவனுக்குத் தைரியம் இல்லை. அனுமதிக் கடிதம். இல்லத்தில் சிறகுள்ள உயிரினம் இருப்பதாகப் பயனாளி கருதுவதை, சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம், ஒரே ஒரு முறை, வாய்மொழியாகத் தெரிவிக்க வாரியம் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. கீழே ஐந்து கையெழுத்து. தேதி அவள் செத்த நாளுக்கு மறுநாள்.

அடுத்த வாரம் வாரியம் விழித்துக்கொண்டது. முன்மாதிரி வீட்டில் பறவைகள் செத்துப்போனால் நாட்காட்டி என்னாவது என்று ஒரு குழுவை அனுப்பினார்கள். இதற்கு மனு தேவைப்படவில்லை. இரண்டே மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். சின்ன வயது கால்நடை மருத்துவப் பெண், பெயர் ராமலெட்சுமி. உடம்பை மூடிய உடை, முகமூடி, கையுறை. கூண்டுகளைப் பார்த்துவிட்டு, தாளில் சுற்றிய பொடிப் பொட்டலங்களை யோகேஸ்வரனிடம் கொடுத்தாள்.

"டாக்ஸிசைக்ளின் பொடிங்கய்யா. காலையிலயும் சாயந்தரமும் தண்ணியில கலந்து வைங்க. நாப்பத்தஞ்சு நாள் விடாமக் குடுக்கணும். எல்லாம் பிழைச்சுக்கிரும்."

யோகேஸ்வரன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பெயரை அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார். மறந்திருப்பார் என்று நான் நம்பினேன். மறக்கவில்லை என்று அவர் முகம் சொன்னது.

அந்தப் பெண்ணிடம் ஒரு படிவம் இருந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு, "இது மனுசங்களுக்கும் தொத்துங்கய்யா. வீட்ல இருக்கவங்க யாருக்காவது காய்ச்சல், இருமல் வந்துச்சா?" என்று கேட்டாள்.

கூட வந்திருந்த ஈஸ்வரி முந்திக்கொண்டு, "வீட்ல வேற ஆளே கிடையாது மேடம். இவரு மட்டுந்தான்" என்றார். கேட்ட அளவில் அது உண்மைதான்.

"ஆளு இருந்துச்சும்மா" என்றார் யோகேஸ்வரன். சத்தமாகத்தான் சொன்னார், தெருவில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். "எம் பொண்டாட்டி. கனகலட்சுமின்னு பேரு. அவதான் இதுகளுக்கு எச்சி குடுத்துக் காப்பாத்துனா. இந்தக் காய்ச்சல்தான் அவளுக்கும். போன வாரம் செத்துப்போனா."

அந்தப் பெண் முகமூடியைக் கீழே இறக்கினாள்.

"அய்யோ. டாக்டர்ட்ட பறவை இருக்குன்னு சொல்லலையாங்கய்யா?"

"சொன்னேம்மா" என்றார் யோகேஸ்வரன். "நாலாம் நாள் சொன்னேன். அதுவரைக்கும் மனு எழுதிக்கிட்டு இருந்தோம்."

நான் அவருக்கு ஓரடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.